கேட்டது ஒரு பஸ், வந்தது தீப்பெட்டி ஆபீஸ் வேன்

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், தைப் பொங்கல் கழிந்த வாரம். சேலத்துப் பக்கம் ஒரு லாரிப் பேட்டையில் டயர் மாற்றிக் கொண்டிருந்தோம். வேலை முடிந்ததும் பக்கத்துப் போன் கடையிலிருந்து ஊருக்குப் பேசினேன். எங்கள் தெருவில் மளிகைக் கடையில் மட்டும்தான் போன். அங்கிருந்து ஆள் போய் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். அம்மா என்னிடம் நலம் விசாரிக்கவில்லை.

"ஒன் தங்கச்சி முத்துமாரி மூணு பாடத்துல பெயிலாயிட்டா. சோறு திங்க மாட்டேங்கா. ஒங்க மாமா ஆனிக்குள்ள கல்யாணத்த முடிச்சிருவோம்னு சொல்லுதாவ. நீ வாரியா, இல்ல அங்கனயே கெடக்கியா?"

நான் வந்தேன்.

உச்சினிமாகாளியைக் கும்பிடுகிற உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். பிறகு ஆலப்புழையில் ஹோட்டல், மும்பையில் இட்லிக் கூடை, சூரத்தில் துணி மூட்டை, கடைசியில் லாரி. ஓர் ஊரில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் நிற்காது, அவ்வளவுதான். இடையிடையே பட்டினியும் கிடந்திருக்கிறேன், போலீஸிடம் அடியும் வாங்கியிருக்கிறேன். அதையெல்லாம் கஷ்டம் என்று நினைத்ததில்லை. எனக்குக் கஷ்டம் என்றால் என்னவென்று அந்தத் தை மாதம்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். அப்பா இல்லை. மழை பெய்தால் விளைகிற கொஞ்சம் நிலம். அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் வந்தாள். தொழிற்சாலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் என்றுதான் சொல்வோம். என் தங்கை முத்துமாரி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தாள். கோவில்பட்டிக் கல்லூரியில் வேதியியலில் இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள்.

"என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணும் புரியல அண்ணே. எல்லாம் இங்கிலீஷ். பன்னெண்டாப்புல இதே பாடத்தத் தமிழ்ல படிச்சிருக்கேன். அதுதான் இதுன்னு கண்டுபிடிக்கதுக்குள்ள மணி அடிச்சிருது. வகுப்புல எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். எதுக்குன்னு தெரியாது."

"வாத்தியார்ட்ட கேக்க வேண்டியதான?"

"எப்படிக் கேக்க? கேக்கதுக்கும் இங்கிலீஷ் வேணும்லா."

சூரத்தில் பாஷை தெரியாமல் நானும் ஒரு மாதம் சிரித்திருக்கிறேன். ஆனால் மூட்டை தூக்கப் பாஷை வேண்டாம்.

அந்தக் கல்லூரியில் இதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்தது. அவளைப் போலத் தமிழில் படித்துவிட்டு வந்து, முதல் வருஷம் திண்டாடி, பிறகு தேறிய மூன்றாம் வருஷப் பெண்கள் சேர்ந்து, சாயங்காலம் கல்லூரி விட்ட பிறகு முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பேராசிரியை அம்மா ஏற்பாடு செய்தது. முதலில் தமிழில், பிறகு அதையே இங்கிலீஷில். ஆறு மணி வரைக்கும். ஆனால் எங்கள் வழியில் போகிற கடைசி நல்ல பஸ் நாலரை மணிக்கு. அதை விட்டால் எட்டு மணிக்கு மேல் ஒன்று. வருமா என்று டிரைவருக்கே தெரியாது. எங்கள் வழியில் மொத்தம் ஆறு பெண்கள் படித்தார்கள். யாருடைய வீட்டிலும் எட்டு மணி பஸ்ஸுக்குச் சம்மதிக்க மாட்டார்கள். யாருக்கு அந்த வகுப்பு வேண்டுமோ அவர்கள் நாலரைக்கு ஊர் திரும்ப, டவுன் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்து படித்தார்கள்.

மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கடம்பூரில் ஒரு கடையில் இனிப்புப் பலகாரம் போடுகிறவர். போளிப் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். கெட்ட மனிதர் இல்லை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

"பையன் கோயமுத்தூர்ல மில்லுல இருக்கான். குடிக்க மாட்டான். இன்னும் எதுக்குப் பிள்ளைய அழ வைக்கீங்க? வராத படிப்ப எத்தன நாளைக்கு இழுப்பா?"

"சித்திரையில பரீட்சை இருக்கு மாமா. அதுல எல்லாத்தையும் திருப்பி எழுதுவா."

"எழுதட்டும். பாஸாகலைன்னா ஆனியில கல்யாணம். அதுக்கு மேல என்னால அவிய வீட்டுல வாய்தா கேக்க முடியாது."

நான் பஸ் டெப்போவுக்குப் போனேன். ஆறரை மணிக்கு ஒரு பஸ் விடச் சொல்லிக் கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஆறு பிள்ளைக்கு ஒரு பஸ்ஸா தம்பி? நடக்கதப் பேசு." அதோடு முடிந்தது.

எங்கள் உச்சினிமாகாளி கோயில் ஊருக்கு வெளியே, வண்டிப்பாதை ஓரத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய் அம்மன் முன்னால் உட்கார்ந்தேன். ஆள் யாரும் இல்லை. வெயில் தரையில் நிற்க விடாது. அதுவரை நான் கும்பிட்டதெல்லாம் போகிற வழியில் கன்னத்தில் போட்டுக்கொள்வதுதான். அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டேன். "ஆத்தா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஆறரைக்கு ஒரு பஸ் குடு. அந்தப் பிள்ள சிரிக்கும்போது எதுக்குச் சிரிக்கோம்னு தெரிஞ்சு சிரிக்கணும்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அதற்கு முன் எப்போது அழுதேன் என்று நினைவில்லை.

அடுத்த செவ்வாயும் போனேன். அதற்கடுத்த செவ்வாயும் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. என் கால் மறுபடி அரிக்க ஆரம்பித்தது. லாரிக்கு வரச் சொல்லிச் சேலத்திலிருந்து ஆளும் விட்டார்கள்.

மாசி மாதம் மழையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மிளகாயும் மல்லியும் களத்தில் காய்கிற காலம். அந்த மாசியில் ஒரு சாயங்காலம் நான் கோயிலில் இருந்தபோது கொட்டித் தீர்த்தது. பலருக்கு அந்த மழையில் மல்லி கறுத்துப் போனது. அதனால் எனக்காகப் பெய்த மழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மழை வெறித்து நின்றபோது வண்டிப்பாதையில் சத்தம் கேட்டது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களை ஊர் ஊராக இறக்கிவிட்டு வருகிற வேன், கோயிலுக்கு நேர் எதிரே சகதியில் இறங்கி நின்றது. கரிசல் நனைந்தால் டயரோடு சுற்றிக்கொண்டு வரும். டிரைவர் வெளியூர்ப் பையன். விடாமல் மிதித்து மேலும் மேலும் புதைத்தான். அம்மாவும் மற்ற பெண்களும் இறங்கி, முழங்கால் வரை சேற்றோடு நின்றார்கள். நான் போய் அவனை நிறுத்தச் சொல்லி, டயரில் ஒட்டிய மண்ணைக் கம்பியால் வழித்து எடுத்து, பக்கத்துப் படப்பிலிருந்து சோளத்தட்டை உருவிப் போட்டு, நானே உட்கார்ந்து வண்டியை மேலே ஏற்றினேன்.

வேனில் வருகிறவர்களில் பேச்சியம்மாள் என்று ஓர் அக்கா. வாய்க்குப் பூட்டே கிடையாது.

"கோயில்ல ஒக்காந்து அழுவுத பயன்னு ஒங்கம்மா சொன்னா. வண்டியும் ஓட்டுவ போல. இந்தப் பய மாசக் கடைசியில வேலைய விட்டு நிக்கப் போறான். மொதலாளி அண்ணாச்சி டிரைவர் தேடுதாரு. ஒனக்கு லைசென்ஸ் இருக்கா, இல்ல அழுக மட்டுந்தானா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த வேனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது கோவில்பட்டியில் ஆறேகாலுக்குக் கிளம்புகிறது. அந்த ஆறு பிள்ளைகளின் ஊர் வழியாகவும் போகிறது. பல வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது. என் அம்மா அதில்தான் தினமும் வருகிறாள். எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. தீப்பெட்டி வேன் என்றால் படிப்பை விட்டவர்கள் ஏறுகிற வண்டி. படிக்கிற பிள்ளையை அதில் ஏற்றலாம் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்?

மறுநாள் முதலாளியைப் பார்த்தேன்.

"லாரிக்காரன்லா நீ? மூணு மாசத்துல ஓடிருவ" என்றார்.

"ஓட மாட்டேன் அண்ணாச்சி."

"எல்லாவனும் இதத்தான் சொல்லுதான்."

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். "காலேஜ் பிள்ளையளத் தீப்பெட்டி வண்டியில ஏத்தினா நாளைக்கு அதுக அப்பன்மாரு என் வாசல்ல வந்து நிப்பானுவ. சரி, வண்டியில வார பொம்பளையள் இடம் குடுத்தாவன்னா ஏத்திக்க. ஒண்ணு தெரிஞ்சுக்க. அந்தப் பிள்ளையள் ஒன்ன நம்பி ஏறுது. நீ நிலைச்சு நின்னா அதுக படிப்பும் நிலைக்கும். நீ ஓடினா அதுவும் போச்சு."

இதுதான் எனக்குப் பெரிய பயம். வேலைக்குப் பயமில்லை. என் காலுக்குப் பயம்.

அன்றைக்கே பூசாரியிடம் போய்க் காப்புக் கட்டச் சொன்னேன். கோயில் கொடைத் திருவிழா சமயத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவர்கள் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். என் தங்கை படிப்பு முடிகிற வரைக்கும் எனக்கு அது வேண்டும் என்றேன்.

"எட்டு நாள் காப்புக்கே நீ ஆறாம் நாள் ஊர்ல இருக்க மாட்ட. இப்ப ரெண்டு வருஷத்துக்கு மேலயாவே?" என்று பூசாரி சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கட்டினார். "கறி தின்னுக்க, சாவுத் துட்டி வீட்டுக்குப் போய்க்க. எல்லையத் தாண்டி ராத் தங்கினா மட்டும் ஆத்தா கேப்பா."

மாசிக் கடைசியில் ஆறு பிள்ளைகளும் வேனில் ஏறினார்கள். ஏற்கெனவே நெருக்கித்தான் உட்காருவார்கள். பேச்சியக்கா தன் மடியைக் காட்டி, "இங்கன ஒருத்தி ஒக்காரு. ரெண்டு புஸ்தகம் சுமந்து பாக்கேன்" என்றாள்.

சாயங்கால வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். அன்றைக்குப் புரிந்ததை, புத்தகத்தைப் பார்க்காமல் வீட்டில் யாருக்காவது சொல்ல வேண்டும். முத்துமாரி முதலில் அம்மாவிடம் காதோடு சொன்னாள். பேச்சியக்கா விடுவாளா? "எங்களுக்குக் கேக்காம என்னட்டி ரகசியம்? ஒரக்கச் சொல்லு" என்றாள். அதிலிருந்து தினமும் வேனில் பாடம். முதலில் தமிழில். பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லிப் பார்ப்பாள். பெண்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் எங்காவது தடுக்கினால் விட மாட்டார்கள். "நேத்து இதே எடத்துல தான் இழுத்த. திருப்பிச் சொல்லு."

ஒரு நாள் பேச்சியக்கா கேட்டாள். "ஏட்டி, நாங்க செய்யுத குச்சிய சுவத்துல ஒரசுனா பத்த மாட்டேங்கு. பெட்டிப் பக்கத்துல ஒரசுனாத்தான் பத்துது. ஏன்?"

முத்துமாரிக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், முகம் சுண்டிப் போயிருந்தது. மறுநாள் ஏறும்போதே அக்கா, "கேட்டியா?" என்றாள். அதற்கு மறுநாளும் "கேட்டியா?" என்றாள். வேறு வழியில்லாமல் முத்துமாரி சாயங்கால வகுப்பில் எழுந்து கேட்டிருக்கிறாள். கல்லூரிக்குப் போன பிறகு அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. தமிழில்தான் கேட்டாளாம். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டி எல்லோருமாகக் கண்டுபிடித்தார்கள். குச்சியின் தலையில் குளோரேட், பெட்டிப் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ், இரண்டும் உரசினால்தான் பொறி. அன்று வேனில் அதை அவள் சொன்ன விதத்தை நான் மறக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவளாகவே சிரித்தாள்.

ஆனால் ஊர் பார்த்தது வேறு. இருட்டுகிற நேரத்தில் தீப்பெட்டி வேனிலிருந்து முத்துமாரி இறங்குகிறாள். "படிப்பு நின்னு போச்சா?" என்று கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆறு பேரில் இரண்டு பேரை அப்பன்மார் நிறுத்திவிட்டார்கள். பேச்சு கடம்பூர் வரை போனது. பங்குனியில் மாமா வந்தார். அன்று போளி இல்லை.

"ஆபீஸுக்கு அனுப்பிட்டு எங்கிட்ட படிக்கான்னு சொல்லுதியா? அண்ணன் வேன் ஓட்டுதான், அம்மாவும் மகளும் பெட்டி ஒட்டுதாவ. ஊரே சொல்லுது. படிப்புத்தான் நின்னாச்சே, பொறவு ஆனி எதுக்கு? சித்திரையிலயே வைப்போம்."

"படிக்கா அண்ணே. சத்தியமாப் படிக்கா" என்றாள் அம்மா.

"தீப்பெட்டி வண்டியிலயா?"

முத்துமாரி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். நான் சொன்னேன். "மாமா, நாளைக்கு ஒரு நாள் எங்கூட வண்டியில வாங்க. பொறவு நீங்க சொல்லுதபடி."

இப்படிச் சொல்லிவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அவள் பயந்து வாயடைத்து நின்றால் சித்திரையில் கல்யாணம்தான். ஆத்தா, அந்தப் பிள்ளைக்கு வாயைத் திறந்து விடு என்று அதை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் மாமா முன்சீட்டில் ஏறினார். கல்லூரி வாசலில் நாலு பிள்ளைகளும் ஏறினார்கள். மாமாவைப் பார்த்ததும் முத்துமாரி பையை மடியில் வைத்துக் குனிந்துகொண்டாள். டவுன் தாண்டியது.

பேச்சியக்காதான் ஆரம்பித்தாள். "ஏட்டி, இன்னைக்கு என்ன சொன்னாவ? கல்யாணம் பேசுத ஆளு வந்திருக்குன்னு எங்களப் பட்டினி போடாத."

முத்துமாரி மெதுவாக ஆரம்பித்தாள். அன்று சர்க்கரை பற்றிய பாடம் போல. சர்க்கரை எதெதனால் ஆனது என்று தமிழில் சொன்னாள். குரல் நடுங்கியது. பிறகு இங்கிலீஷில் சொன்னாள். அதில் நடுக்கம் குறைந்திருந்தது. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். சர்க்கரை என்ற பேச்சு வந்ததும் தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு, "ஏளா, நாங்க பாகு காய்ச்சும்போது எலுமிச்சம்பழம் புழியுவோம்" என்றார். "புழியலைன்னா ஆறினதும் பூத்துரும், மணல் மாதிரி. அது ஏன்?"

வேனில் எல்லோரும் முத்துமாரியைப் பார்த்தார்கள். நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

"தெரியல மாமா" என்றாள். "நாளைக்குக் கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

மாமா முதன்முறையாகத் திரும்பினார். "யார்ட்ட கேப்ப?"

"வகுப்புல. கேட்டாச் சொல்லுவாவ. இல்லைன்னா சேந்து தேடுவோம்."

மாமா தலையாட்டினார். எங்கள் ஊரில் இறங்கி, அம்மா போட்ட காப்பியைக் குடித்தார். தேதி பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது என்னிடம், "வெள்ளிக்கிழமை வாரேன். கேட்டு வைக்கச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தார். கையில் போளி இருந்தது. எலுமிச்சம்பழத்தின் புளிப்பு சர்க்கரையை இரண்டாக உடைத்துவிடும், உடைந்தது மற்றதைச் சேர்ந்து படிய விடாது என்று முத்துமாரி அவருக்குச் சொன்னாள். "முப்பது வருஷமாப் புழியுதேன், இதுக்குத்தானா?" என்றார் மாமா. அவ்வளவுதான். கோயமுத்தூர்ப் பையன் வீட்டுக்கு அவரே போய், இப்போது கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். நிறுத்தப்பட்ட இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் பேச்சியக்கா போனாள். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. மறு வாரம் இரண்டு பேரும் வேனில் இருந்தார்கள்.

சித்திரைப் பரீட்சை எழுதினாள். ஆனியில் ரிசல்ட் வந்தது. தோற்ற மூன்றில் இரண்டு தேறியது, புதிதாக எழுதியது எல்லாம் தேறியது. மிச்சம் ஒன்றை ஐப்பசியில் எழுதி முடித்தாள். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் வருஷத்தில் அவளே சாயங்கால வகுப்பில் சொல்லிக் கொடுத்தாள். பட்டம் வாங்கினாள், திருநெல்வேலியில் மேலே படித்தாள். இப்போது தூத்துக்குடியில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

என்னைக் கேட்டால், நான் இன்னும் அந்த வேனைத்தான் ஓட்டுகிறேன். அவள் கடைசி வருஷப் பரீட்சை முடிந்ததும் பூசாரி காப்பை அவிழ்த்தார். "இனிப் போலாம்டே" என்றார். மறுநாள் காலையில் பெண்கள் காத்திருப்பார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அப்படியே இருந்துவிட்டேன். கல்யாணம் ஆகிவிட்டது, ஒரு பிள்ளை இருக்கிறது. போன வருஷம் எங்கள் வழியில் ஆறரைக்கு ஒரு பஸ்ஸும் விட்டார்கள். நான் கேட்டதை மறக்காமல் ஆத்தா அதையும் கொடுத்தாள். ஆனாலும் பாதிப் பிள்ளைகள் வேனில்தான் ஏறுகிறார்கள். பஸ்ஸில் பாடம் சொன்னால் கண்டக்டர் முறைக்கிறாராம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கலாம். வெளியே சொல்ல வெட்கப்படும். அதை மக்கு என்று சொல்லிக் கல்யாணத்துக்கோ ஆபீஸுக்கோ அனுப்பிவிடாதீர்கள். முதலில் ஆத்தாளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு கல்லூரிக்குப் போய், சாயங்காலம் சொல்லிக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தத் தாய் எனக்குச் செய்ததை உங்களுக்கும் செய்வாள். போக வர வண்டி இல்லை என்றால் என்னிடம் வாருங்கள். ஆறேகாலுக்குக் கல்லூரி வாசலில் நிற்பேன். பின்சீட்டில் பேச்சியக்கா இடம் பண்ணித் தருவாள்.